ஒன்பதாம் கேள்வி

ஜூன் 2, திங்கள்

இது ஒரு சிமெண்ட் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. ஐந்து மாதமாக சமையலறை அலமாரியில் கிடந்தது. டைரி எழுதும் பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. இன்று சொல்ல ஒரு விஷயம் இருந்தது, கேட்க ஆள் இல்லை, அதனால் எடுத்தேன். அவ்வளவுதான்.

நகரத்துக்கு மாஸ்டர் பிளான், அதாவது முழுமைத் திட்டம், போடப் போகிறார்கள். அதற்கு ஒரு குழு. அதில் பொதுமக்களிலிருந்து ஏழு தன்னார்வலர்கள் வேண்டுமாம். சம்பளம் கிடையாது, இரண்டு வருடம் உட்கார்ந்து பேச வேண்டும். யார் வருவார்கள் என்று நான் சிரித்தேன். அறுபத்துநான்கு விண்ணப்பம் வந்திருக்கிறது!

நேர்காணல் எடுப்பது மூன்று பேர். ஆணையர் மெர்லின், இன்ஜினியரிங் கல்லூரிப் பேராசிரியர் குழந்தைவேலு, நகரமைப்புப் பிரிவு கண்காணிப்பாளர் என்ற முறையில் நான். மூன்று பெயரையும் போன மாதமே நகராட்சி வாசல் பலகையில் ஒட்டிவிட்டார்கள். இன்று ஓர் உறுதிமொழித் தாள் நீட்டினார்கள். ‘விண்ணப்பதாரர்களில் எனக்கு உறவினர் எவரும் இலர்.’ உறைகளை இன்னும் பிரிக்கவே இல்லை, அதற்குள் கையெழுத்து. எங்கள் அலுவலகத்தில் எல்லாமே இப்படித்தான், முதலில் கையெழுத்து, பிறகு படிப்பு. முப்பத்திரண்டு வருடமாக நானும் அப்படியே போட்டுப் பழகிவிட்டேன். இன்றும் போட்டேன்.

மாவு புளித்துவிட்டது. ஒரு ஆளுக்கு எவ்வளவு குறைத்து அரைத்தாலும் நான்காம் நாள் புளித்துத்தான் போகிறது.

ஜூன் 4, புதன்

விண்ணப்பங்களைப் பிரித்து எண் போட்டேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் மட்டும் ஒன்பது பேர். ஊரில் இத்தனை தலைமையாசிரியர்கள் இருக்கும்போது பிள்ளைகள் ஏன் இப்படிக் கிறுக்குகிறார்கள் என்று தெரியவில்லை. வக்கீல் நான்கு பேர். பிளாட் போட்டு விற்கும் வேலப்பனும் விண்ணப்பித்திருக்கிறார். அவருக்குச் சமூக சேவையில் திடீரென்று எப்படி ஆசை வந்தது என்று எனக்குத் தெரியாதா என்ன!

நாற்பத்தொன்றாம் எண் உறையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே கையெழுத்து தெரிந்துவிட்டது. ‘ந’வை வளைத்து அடுத்த எழுத்தின் மேல் போட்டுவிடும் வழக்கம் அவனுக்கு இரண்டாம் வகுப்பிலிருந்து உண்டு. நான்தான் ஸ்லேட்டில் கையைப் பிடித்து எழுத வைத்தேன். அப்போதே திருந்தவில்லை.

ப. ரத்தினமூர்த்தி, வயது ஐம்பது. தொழில், மோட்டார் காயில் கட்டுதல். முகவரி, ரயில்வே லைனுக்கு அந்தப்பக்கம், கொங்கு நகர்.

என் தம்பி. கூடப் பிறந்தவன். பதினொரு வருடமாகப் பேச்சு இல்லை.

விண்ணப்பத்தில் ஒன்பதாம் கேள்வி: ‘தேர்வுக் குழுவில் உள்ளவர் எவரேனும் தங்களுக்கு உறவினரா?’ ஆம் என்று எழுதினால் விண்ணப்பம் தள்ளுபடி, அது விதி. அவன் ‘இல்லை’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறான். ஒரு கோடு போட்டால் போதாதா?

வாசல் பலகையில் என் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறான். சரி. இல்லையென்றால் இல்லை. எனக்கென்ன வந்தது? அந்த விண்ணப்பத்தை மற்றவற்றோடு வரிசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 5, வியாழன்

மோட்டார் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை. கீழ்த்தொட்டியிலிருந்து மாடிக்குப் பதினாறு குடம் சுமந்தேன்.

ஜூன் 9, திங்கள்

நேர்காணல் தொடங்கியது. மன்றக் கூடத்துக்குப் பக்கத்து அறை. ஒருவருக்குப் பதினைந்து நிமிடம், இருபத்தைந்து மதிப்பெண். எங்களில் ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு கேள்வியாவது கேட்டே ஆக வேண்டும் என்று ஆணையர் விதி வைத்திருக்கிறார். அலுவலக உதவியாளர் பத்மா தேநீர் கொண்டு வந்து வைத்துவிட்டுக் கதவோரமாக நின்று கேட்கிறாள், வேலையைப் பார் என்றால் போவதில்லை.

ஒரு தலைமையாசிரியர், குழுவில் சேர்ந்தால் கல்வெட்டில் பெயர் வருமா என்று கேட்டார். கல்வெட்டே கிடையாது என்றேன். முகம் வாடிவிட்டது. வேலப்பன் வெள்ளை வேட்டியில் வந்து, “நம்ம ஊரு நல்லா வரோணும், அது ஒண்ணுதானுங்க எனக்கு” என்றார். புறவழிச்சாலை எந்தப் பக்கமாகப் போகிறது என்று மட்டும் மூன்று தடவை கேட்டார். நான் ஆறு போட்டேன்.

நல்ல ஆள் என்று பார்த்தால் சிலிண்டர் போடும் அப்புசாமி. எந்தத் தெருவில் எத்தனை படி, எந்தச் சந்தில் வண்டி திரும்பாது, எந்தச் சாக்கடைக்கு மூடி இல்லை, அத்தனையும் வாயில் வைத்திருக்கிறார். “கொங்கு நகருக்கு ஒரு சிலிண்டர் கொண்டுபோகோணும்னா பாலத்தச் சுத்தி மூணு கிலோமீட்டருங்க மேடம். லைனுக்கு அக்கட்ட நின்னு கூப்பிட்டா இக்கட்ட கேக்கும், அவ்வளவு பக்கம்” என்றார். இருபத்தொன்று போட்டேன்.

கடைசியாக ஒரு அம்மாள், வயது அறுபது இருக்கும், ஆசிரியர் காலனி. எதற்காக விண்ணப்பித்தீர்கள் என்று பேராசிரியர் கேட்டார். “மாசத்துல ரெண்டு நாளு நாலு பேரோட உக்காந்து பேசலாமுன்னுதானுங்க” என்றார். பேராசிரியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. நகராட்சி என்ன பேச்சுத்துணைக்கா ஆள் எடுக்கிறது? மூன்று மதிப்பெண் போட்டேன். போகும்போது அந்த அம்மாள் மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து டி.வி.யைப் போட்டுவிட்டுச் சமைத்தேன். என்ன ஓடியது என்று கவனிக்கவில்லை.

ஜூன் 11, புதன்

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரன் மோட்டாரைப் பார்க்க வருவதாகச் சொல்லி வரவில்லை. பதினான்கு குடம்.

ஜூன் 13, வெள்ளி

நாற்பத்தொன்று.

நரை விழுந்துவிட்டது. அப்பாவின் முன்நெற்றி அப்படியே வந்திருக்கிறது. இஸ்திரி போட்ட சட்டை, மேல் பாக்கெட்டில் டெஸ்டர். நேர்காணலுக்கு எதற்கடா டெஸ்டர்? உள்ளே வந்து, ஆணையருக்கு வணக்கம், பேராசிரியருக்கு வணக்கம், எனக்கும் “வணக்கம் மேடம்” என்றான். குரலில் ஒன்றுமே இல்லை. நானும் தலையை ஆட்டினேன்.

“எதுக்காக இந்தக் குழுவுல சேரணும்னு நினைக்கறீங்க?” என்று பேராசிரியர் கேட்டார்.

“ஒரே ஒரு காரியத்துக்குங்க சார். மேம்பாலம் கட்டறப்ப ரயில்வே கேட்ட மூடிட்டாங்க. வண்டி இருக்கறவங்களுக்குப் பாலம், நடக்கறவங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. அதனால பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க, மில்லுக்குப் போற பொம்பளைங்க, எல்லாரும் தண்டவாளத்தத் தாண்டித்தான் வர்றோம். என்ற புள்ளையும் அப்படித்தான் தினமும் போகுது. அடியில நடந்து போறதுக்கு ஒரு சுரங்கப்பாதை வேணுமுங்க. மாஸ்டர் பிளான்ல அதுக்கு ஒரு கோடு போட்டிருந்தாத்தான் ரயில்வேகாரங்க காது குடுத்தே கேப்பாங்களாமா. அந்தக் கோட்டப் போட வைக்கோணும். அது முடிஞ்சா நாளைக்கே எழுதிக் குடுத்துட்டுப் போயிருவேன்.”

ஆணையர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “யாருக்காவது அடிபட்டிருக்கா?”

“என்ற சம்சாரத்துக்கேங்க. மூணு வருசமாச்சு. ஜல்லியில கால் வழுக்கித் தண்டவாளத்து மேல விழுந்துட்டா. அந்நேரம் ரயில் வரலீங்க, சாமி புண்ணியம். எலும்பு மூணு துண்டு, உள்ள கம்பி வெச்சிருக்குது. அதுக்கப்புறம் அவ லைனுக்கு இக்கட்ட வந்ததே இல்லீங்க.”

கோகிலாவைச் சொல்கிறான். மூன்று வருடம். இதே ஊரில். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

“மனு ஏதும் குடுத்தீங்களா?”

“ஆறு வருசத்துக்கு முந்தி நூத்திப்பத்துப் பேரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தோமுங்க. கோப்புல வெச்சிருக்குதுன்னு பதில் வந்துச்சு. இன்னமும் அங்கயேதான் இருக்கும்.”

நான் ஒரு கேள்வி கேட்க வேண்டுமே. ஆணையர் என்னைப் பார்த்தார், பேராசிரியர் பார்த்தார். நகர வளர்ச்சி பற்றிக் கேட்க நான்கு கேள்விகள் எழுதி வைத்திருந்தேன், ஒன்றுகூட நினைவில் இல்லை.

“எந்தக் கால்?” என்று கேட்டேன்.

அப்போதுதான் என் பக்கம் திரும்பினான். “எடது காலுங்க மேடம்.”

பிறகு எழுந்து போய்விட்டான். நாற்பத்திரண்டாம் எண்ணை உள்ளே அனுப்பச் சொன்னேன்.

ஜூன் 14, சனி

விடுமுறை. ஆனாலும் அலுவலகம் போனேன். வேறு வேலை இருந்தது.

பழைய கோப்புகள் அறையில் இரண்டு மணி நேரம் தேடினேன். கிடைத்தது. ‘கொங்கு நகர் பொதுமக்கள் மனு, சுரங்க நடைபாதை வேண்டுதல்.’ நூற்றுப்பத்துக் கையெழுத்து. முதல் பக்கத்திலேயே ‘கொங்கு நகர்’ என்பதில் ‘ந’ அடுத்த எழுத்தின் மேல் விழுந்து கிடக்கிறது. ஓரத்தில் பச்சை மையில் குறிப்பு: ‘தற்போது இயலாது. கோப்பில் வைத்துக்கொள்ளலாம்.’ கீழே என் கையெழுத்து.

அன்றைக்கு ஒரே நாளில் நாற்பது கோப்புகளில் இந்த வாக்கியத்தை எழுதியிருப்பேன். பெயர்களை யார் படிக்கிறார்கள்? நான் படிக்கவில்லை. அவன் பெயர் இருக்கிறது என்று தெரிந்து எழுதவில்லை என்று கோப்பு அறைச் சுவரில் இருந்த பல்லியைத் தவிர வேறு யாரிடம் சொல்வது?

கோப்பை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். எடுத்து வரக் கூடாது.

ஜூன் 16, திங்கள்

மதிப்பெண் கூட்டினோம். பேராசிரியர் அவனுக்கு இருபத்திரண்டு, ஆணையர் இருபத்துமூன்று, நான் பதினெட்டு. நான் வேண்டுமென்றே குறைத்துப் போட்டேன் என்று சொல்ல முடியாது, கூடப் போட்டுவிடக் கூடாதே என்று போட்டேன். அப்படியும் ஐந்தாம் இடத்தில் வந்துவிட்டான். எட்டாவதாக, காத்திருப்புப் பட்டியலில் முதல் ஆள் சிலிண்டர் அப்புசாமி. வேலப்பன் முப்பதாம் இடத்துக்கும் கீழே.

பட்டியலை வாசல் பலகையில் நானே நின்று ஒட்டினேன். பசை ஒழுங்காக ஒட்டுகிறதா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தேன்.

ஜூன் 18, புதன்

இன்று அம்மா இறந்த தேதி. காக்கைக்குச் சோறு வைத்தேன்.

என்ன நடந்தது என்பதை ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். அம்மா என்னோடுதான் இருந்தாள். காலையில் போனாள். அவன் அப்போது பெங்களூரில் வேலையில் இருந்தான். கிளம்பிவிட்டேன் என்றான். எரிவாயு தகன மேடையில் நான்கு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். மூன்றரைக்கு மறுபடி போன் செய்தான், பவானிக்குப் பக்கத்தில் பஸ் நின்றுபோய்விட்டதாம், வேறு வண்டி பிடித்து வருகிறேன், காத்திரு என்றான். எத்தனை பஸ் எத்தனை இடத்தில் நிற்கும்? கொடுத்த நேரம் கொடுத்த நேரம்தான். அதுவும் அரசு நேரம். நான்கு மணிக்கு நானே கொள்ளி வைத்தேன். ஐந்து மணிக்கு வந்தான். சாம்பலைப் பார்த்தான். “இனி எனக்கு அக்கான்னு ஒருத்தி கிடையாது” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனான். இருபது பேர் நின்றிருந்தார்கள். பிறகு கொஞ்ச நாளில் கோகிலாவைக் கூட்டிக்கொண்டு இதே ஊருக்கே குடிவந்தான், ஆனால் லைனுக்கு அந்தப்பக்கம்.

நான் செய்ததில் தவறு ஒன்றும் இல்லை.

காக்கை வரவில்லை. சோறு வெயிலில் காய்ந்து கிடந்தது.

ஜூன் 23, திங்கள்

ஆணையர் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். வேலப்பன் எழுதிக் கொடுத்திருக்கிறார்: ‘ஐந்தாம் இடத்தில் தேர்வான ரத்தினமூர்த்தி, தேர்வுக் குழு உறுப்பினர் நாகமணியின் உடன்பிறந்த தம்பி. இவர்கள் தாயாரின் சாவுக்கு நான் போயிருந்தேன்.’

போயிருந்தார்தான். அப்போது எங்கள் தெருவில் பிளாட் போட்டுக்கொண்டிருந்தார். மாலை போட்டுவிட்டு, பின்பக்கக் காலி இடம் யாருடையது என்று கேட்டவர்.

“ரெண்டு பேருக்கும் இனிஷியல் ஒண்ணா இருக்கு” என்றார் ஆணையர். “ஊருல ப-ல ஆரம்பிக்கற அப்பா ஆயிரம் பேர் இருப்பாங்க, அது எனக்கும் தெரியும் மேடம். வியாழக்கிழமை அவரையும் வரச் சொல்லியிருக்கேன். உங்க ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியாக் கேட்டுட்டு முடிச்சிடலாம். அவர் வேற சாட்சி ஏதும் காட்டல. நீங்க இல்லைன்னா இல்லைதான்.”

என்னை நம்புகிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்த நம்பிக்கை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 25, புதன்

அரை நாள் விடுப்பு. எதற்கு என்று பத்மா கேட்டாள். பல் வலி என்றேன்.

லைனுக்கு அந்தப்பக்கம் போனேன். பாலத்தைச் சுற்றவில்லை, மற்றவர்கள் போகும் வழியிலேயே போனேன். மேட்டில் ஏறும்போது ஜல்லி காலடியில் உருண்டது. செருப்பு வார் அறுந்தது. கையில் செருப்போடு இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நான்கு தண்டவாளத்தைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை தடுமாறினேன். மில் பெண் ஒருத்தி, “கையக் குடுங்கக்கா, பழகிப்போயிரும்” என்று இழுத்துவிட்டாள். என் மேசையில் இந்த இடம் வரைபடத்தில் நகத்தளவுகூட இருக்காது.

அவன் தெரு முனை வரைக்கும் போனேன். வாசலில் கோகிலா நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இடது காலை ஒரு ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தாள். இளைத்துவிட்டாள். உள்ளேயிருந்து பாடம் படிக்கும் குரல் கேட்டது, அவன் மகள் இலக்கியாவாக இருக்கும். நான் பார்த்தபோது அது தொட்டிலில் இருந்தது.

பக்கத்தில் போகவில்லை. என்ன சொல்லிக்கொண்டு போவது?

நாளைக்கு இல்லை என்றுதான் சொல்லப் போகிறேன். ஆம் என்று சொன்னால் அவன் இடம் போய்விடும், அந்தக் கோடும் போய்விடும். அவனே இரண்டு கோடு போட்டு இல்லை என்று எழுதிவிட்டான், நான் அதைக் கெடுப்பானேன்? முப்பத்திரண்டு வருட சர்வீஸில் ஒரு பொய். அவனுக்கென்று நான் இதுவரை ஒன்றும் செய்ததில்லை, இதையாவது செய்கிறேன்.

ஜூன் 26, வியாழன்

முதலில் என்னைக் கேட்டார்கள். ஆணையரும் பேராசிரியரும் மட்டும் இருந்தார்கள். ரத்தினம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

“ரத்தினமூர்த்தி உங்களுக்கு உறவாங்க மேடம்?”

“இல்லை. ஒரே ஊர், அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டேன்.  ஆணையர் எழுதிக்கொண்டு, “நீங்க இங்கயே இருங்க, ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும்” என்றார். அவனை உள்ளே கூப்பிட்டார்கள். நான் சொன்னது அவனுக்குத் தெரியாது. என் எதிரில் இருந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தான். அதே சட்டை, அதே டெஸ்டர்.

ஆணையர் பொறுமையாகச் சொன்னார். “இப்படி ஒரு புகார் வந்திருக்கு. உறவுன்னா உங்க தேர்வு ரத்து, அதுதான் விதி. இல்லைன்னா புகாரத் தள்ளிடுவேன். நாகமணி மேடம் உங்களுக்கு உறவா?”

  சொல்லுடா, இல்லை என்று சொல்லு, எழுதினாயே, அதையே சொல்லு என்று மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்தான். என் செருப்பைப் பார்த்தான், வார் அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தேன். மறுபடியும் முகத்தைப் பார்த்தான்.

“எங்க அக்காங்க” என்றான்.

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“அப்புறம் எதுக்கு இல்லைன்னு எழுதுனீங்க?”

“எழுதறப்ப எழுதிட்டனுங்க. கோவம் ஒரு பக்கம், அந்த எடம் வேணுமேங்கறது ஒரு பக்கம். காயிதத்துல எழுதறதுக்கென்னங்க, எழுதிரலாம். ஆளு எதுக்க உக்காந்திருக்கறப்ப எனக்கு வாய் வரமாட்டேங்குதுங்க. என்னைய நீக்கிருங்க. அந்த சுரங்கப்பாதைய மட்டும் யாராச்சும் மறக்காம எழுதிருங்க.”

கும்பிட்டுவிட்டு எழுந்து போனான். ஆணையர் என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். நான் அழுதேன். அலுவலகத்தில் அழுதது இதுதான் முதல் தடவை. பொய் பிடிபட்டதற்காக என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஜூன் 27, வெள்ளி

மெமோ வந்தது. தவறான உறுதிமொழி, விசாரணையில் பொய், ஐந்து நாளில் விளக்கம் தர வேண்டும். தேர்வுக் குழுவிலிருந்தும் நீக்கம். பத்மாதான் கொண்டு வந்து கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்காமல், “டீ வேணுமுங்களா?” என்றாள். வேண்டும் என்றேன்.

அவன் இடத்துக்கு அப்புசாமியைப் போட்டிருக்கிறார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

விளக்கத்தை இன்று கொடுத்தேன். ‘அவர் என் தம்பி. தெரிந்தே மறைத்தேன். தெரிந்தே பொய் சொன்னேன்.’ நான்கு வரியில் முடிந்தது. அதோடு அந்தப் பழைய கோப்பையும் ஆணையர் மேசையில் வைத்தேன். என் பச்சை மைக் குறிப்புக்குக் கீழே புதிதாக ஒன்று எழுதியிருந்தேன்: ‘மேற்படி குறிப்பை மனுவைப் படிக்காமல் எழுதினேன். நேரில் போய்ப் பார்த்தேன். சுரங்க நடைபாதை அவசியம். முழுமைத் திட்டக் குழுவின் முதல் கூட்டத்திலேயே வைக்க வேண்டும்.’

ஆணையர் இரண்டையும் படித்தார். “இந்தக் கோப்ப நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதுக்குத் தனியா ஒரு மெமோ குடுக்கணும், தெரியுமா?” என்றார்.

“தெரியும் மேடம், குடுங்க” என்றேன்.

கொடுக்கவில்லை. கோப்பை வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கான கோப்புக் கட்டோடு சேர்த்தார்.

ஜூலை 4, வெள்ளி

கூட்டத்துக்கு என்னை விடவில்லை. பத்மா வந்து சொன்னாள். அப்புசாமி எழுந்து, அந்த மேட்டில் யார் யார் விழுந்தார்கள் என்று வீட்டு எண்ணோடு சொன்னாராம். குழு ஏற்றுக்கொண்டதாம். வரைபடத்தில் விட்டுவிட்டுப் போட்ட கோடு, இன்னும் முழுக்கோடு ஆகவில்லை. ரயில்வே சம்மதித்துக் கட்டி முடிக்க எத்தனை வருடமோ. ஆனால் கோடு இருக்கிறது.

அவனுக்கு யார் சொல்வார்கள்? அப்புசாமி சொல்லியிருப்பார், சிலிண்டர் போடப் போகும்போது.

ஜூன் 18 அன்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. தகன மேடையில் அடுத்து ஐந்தரைக்கும் ஒரு நேரம் காலியாக இருந்தது. அங்கிருந்தவர், “தம்பி வர்றாருன்னா அஞ்சரைக்கு வெச்சுக்கலாமுங்க” என்று கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். அம்மா ஆறு மாதம் படுக்கையில் கிடந்தபோது அவன் இரண்டே தடவைதான் வந்தான். அந்தக் கோபம். நேரத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

காலை பத்து மணி இருக்கும். குடத்தோடு படியில் ஏறிக்கொண்டிருந்தேன். வாசலில் பைக் சத்தம். ரத்தினம்.

பாதிப் படியில் நின்றேன். அவனும் நின்றான். குடத்தைப் பார்த்தான்.

“மோட்டார் என்னாச்சு?”

“ஒரு மாசமா உறுமுது, சுத்தல.”

“ஒரு மாசமா குடத்துலயா தூக்கற? ஊர்ல காயில் கட்டறவன் ஒருத்தனும் கிடைக்கலியா?”

“கிடைக்கல” என்றேன்.

குடத்தை வாங்கி மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு இறங்கினான். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

“ரத்தினம், அன்னிக்கு அஞ்சரைக்கு இன்னொரு நேரம் இருந்துச்சு.”

பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டிருந்தவன் நிமிராமலே சொன்னான். “தெரியும். அன்னிக்கே அந்த ஆளுகிட்டக் கேட்டுட்டுத்தான் போனேன்.”

பதினொரு வருடமாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து ‘எங்க அக்காங்க’ என்றிருக்கிறான்.

“தப்புப் பண்ணிட்டேன்டா” என்றேன்.

“ஆமா, பண்ணிட்ட” என்றான். “நானும் அம்மாவ வந்து பாக்காம இருந்தேனில்ல. வுடு.” கொஞ்ச நேரம் போல்ட்டைத் திருகினான். “கோகிலா கேட்டா. அன்னிக்குத் தெரு முக்கு வரைக்கும் வந்துட்டு ஏன் உங்கக்கா திரும்பிப் போயிருச்சுன்னு.”

“பாத்தாளா?”

“கால்தானே போச்சு, கண்ணு நல்லாத்தான் இருக்குது.”

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அவன் பார்க்காததுபோல் வேலையைச் செய்தான்.

தோசை சாப்பிட்டான். மாவு புளிக்குது என்றான். ஆனாலும் ஆறு சாப்பிட்டான். மாவு தீர்ந்துபோனது.

காயில் சுத்தமாக எரிந்துவிட்டதாம், கடையில் வைத்துத்தான் கட்ட வேண்டுமாம். மோட்டாரைக் கழற்றி, சாக்கில் சுற்றி, பைக்கில் கட்டிக்கொண்டு போனான். எப்போது கொண்டுவருவான் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொண்டு வந்துதானே ஆக வேண்டும். அதுவரைக்கும் குடம் இருக்கிறது.

நாளைக்கு அரிசி கொஞ்சம் கூடப் போட்டு ஊற வைக்க வேண்டும்.